சொந்தச் சரக்கும் பொது மேசையும்

சதுரங்கம் ஆட வந்தவன் தன் குதிரைக்கு மட்டும் புதிய நடை ஒன்றை வகுத்துக்கொண்டு வந்தால், எதிரே அமர்ந்திருப்பவர் காய்களைக் கலைத்துவிட்டு எழுந்து போவார்; அது நியாயமுங்கூட. ஆனால் 1974-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனிவா என்னும் சிற்றூரிலிருந்து வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் பாத்திரமேற்று ஆடும் ஆட்டத்தின் நிலைமை வேறு. அங்கே புதிய நடையோடு வருகிறவரை உட்கார வைத்துக் கேட்பதே மரபாக இருந்து வந்திருக்கிறது. அது மட்டுமன்று, அந்த ஆட்டத்தின் அச்சிட்ட விதிநூல்களில் இன்று காணப்படும் அம்சங்களில் கணிசமானவை, ஒரு காலத்தில் யாரோ ஒருவர் தம் வீட்டு மேசையில் தம் நண்பர்களுக்காக எழுதிக்கொண்டவையே. ஆட்டக்காரர்கள் தாமே இயற்றிக்கொள்ளும் இத்தகைய இனங்களையும் தொழில்களையும் திறன்களையும் 'ஹோம்ப்ரூ' என்று அவர்கள் அழைக்கிறார்கள். நாம் சொந்தச் சரக்கு என்று சொல்லலாம். இது எங்கிருந்து வந்தது, எந்த அளவுகோலால் இதை அளப்பது, ஒரு மேசையில் இதற்கு இடம் கொடுப்பதும் மறுப்பதும் எந்த நியாயத்தின்பேரில் என்பவற்றை ஒருசேர ஆராய்வது அவசியம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனெனில் இதைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் 'பலம் அதிகமா, குறைவா' என்ற ஒரே கேள்வியைச் சுற்றி வருகின்றன. அக்கேள்வி முதன்மையானதன்று என்பதே என் அபிப்பிராயம்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காக அதன் அமைப்பைச் சிறிது சொல்லிவிடுவது நல்லது. ஐந்தாறு பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். அவர்களில் ஒருவர் டஞ்சன் மாஸ்டர் எனப்படும் நடத்துநர்; கதை நிகழும் உலகத்தையும், அதிலுள்ள அரசர், அரக்கர், சத்திரக்காரர் முதலிய அனைவரையும் அவரே பேசி நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்கிறார்கள். பாத்திரத்துக்கு வலிமை, சுறுசுறுப்பு, தேகதிடம், புத்தி, விவேகம், வசீகரம் என்று ஆறு குணங்களும், அவற்றை அளக்கும் எண்களும் உண்டு. மனிதன், குள்ளன், எல்ஃப் என்றாற்போல ஓர் இனம் உண்டு. ஆட்டக்காரர் 'கிளாஸ்' என்று வழங்கும், போர்வீரன், மந்திரவாதி, கள்வன் என்றாற்போன்ற ஒரு தொழில் உண்டு. அனுபவம் ஏற ஏறப் பாத்திரம் படிப்படியாக உயர்ந்து, இன்றைய விதிகளின்படி இருபதாம் படி வரை செல்லலாம். முடிவு நிச்சயமில்லாத காரியம் எதுவாயினும், இருபது முகப் பகடையை உருட்டி, உரிய கூட்டலைச் சேர்த்து, இலக்கு எண்ணை எட்டினால் வெற்றி. மேசையில் அமர்ந்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் எதிரிகள் அல்லர், ஒரே கூட்டத்தினர். சதுரங்கத்தில் ஒப்புக்கொள்ள முடியாத காரியம் இங்கே ஒப்புக்கொள்ளக் கூடியதாவதற்கு இந்த ஒரு வேற்றுமையே மூலகாரணம்.

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் எழுதிய முதற்பதிப்பு மூன்று சிறு புத்தகங்களாக, ஆயிரம் பிரதிகளே அச்சிடப்பட்டு வெளிவந்தது. போர்வீரன், மந்திரவாதி, மதகுரு ஆகிய மூன்றே தொழில்கள் அதில் இருந்தன. இனங்களும் மனிதனையும் சேர்த்து நான்கே. ஆனால் அந்த மெலிந்த புத்தகங்களிலேயே, ஆட்டக்காரர் விரும்பினால் ஏறக்குறைய எதையும் பாத்திரமாக ஏற்கலாம், இளம் டிராகனாகக்கூட ஆடலாம், ஆயினும் பலவீனமான நிலையில் தொடங்கிப் படிப்படியாக மேலேற வேண்டும் என்ற ஒரு குறிப்பு காணப்படுகிறது. சொந்தச் சரக்குக்கு அளிக்கப்பட்ட முதல் அனுமதிச் சீட்டு அதுவே. அனுமதியோடு நிபந்தனையும் அதே வாக்கியத்தில் வந்துவிட்டது என்பதை நாம் கவனிக்க வேண்டும்: எது வேண்டுமானாலும் ஆகலாம், ஆனால் தோழர்கள் நிற்கும் படியிலேயே நீயும் நிற்க வேண்டும். ஐம்பது ஆண்டுகளில் எழுதப்பட்ட எத்தனையோ அளவுகோல்கள் இந்த எளிய நிபந்தனையின் விரிவுரைகளாகவே எனக்குத் தோன்றுகின்றன.

அந்த மூன்று தொழில்களில் ஒன்றாகிய மதகுருவின் பிறப்பே இதற்கு ஓர் உதாரணம். ஆர்னசன் 1971-ஆம் ஆண்டு முதல் நடத்திவந்த 'பிளாக்மூர்' என்னும் ஆட்டத்தில், ஓர் ஆட்டக்காரர் இரத்தம் குடிக்கும் பிசாசாக மாறிய ஒரு பாத்திரத்தை ஏற்று, யாராலும் அடக்க முடியாத அளவுக்கு வளர்ந்துவிட்டார். அவரை எதிர்க்க ஒருவர் வேண்டியிருந்தது. அக்காலத்து ஆங்கிலப் பேய்ப்படங்களில் சிலுவையும் கையுமாக வரும் பிசாசு வேட்டைக்காரனை மனத்திற்கொண்டு ஒரு புதிய பாத்திரம் வகுக்கப்பட்டது; தெய்வபலத்தால் பிரேதங்களை விரட்டுவதும் காயங்களை ஆற்றுவதுமாகிய அப்பாத்திரமே பின்னர் உலகமெங்கும் ஆடப்படும் மதகுருத் தொழிலாயிற்று. ஒரு மேசையில் எழுந்த ஒரு குறையைத் தீர்க்க வகுக்கப்பட்டது அது, பிறகுதான் பொதுச்சொத்தாயிற்று.

கள்வனின் கதையும் அத்தகையதே. கலிபோர்னியா மாநிலத்தின் சாண்டா மோனிகா நகரில் ஒரு விளையாட்டுப் பொருள் கடையைச் சேர்ந்த கூட்டத்தினர் தமக்கென வகுத்து ஆடிய கள்வனைப் பற்றி கைகாக்ஸ் கேள்விப்பட்டு, தம் கைவண்ணத்தில் அதைத் திருத்தி எழுதி, 1975-ஆம் ஆண்டு 'கிரேஹாக்' என்னும் துணைநூலில் சேர்த்தார். அதே ஆண்டில் 'தி ஸ்ட்ராட்டஜிக் ரிவ்யூ' என்னும் சிற்றேட்டில் ஜோ ஃபிஷர் என்பவர் எழுதிய ரேஞ்சர், பீட்டர் ஆரன்சன் எழுதிய மாயாவி, அடுத்த ஆண்டில் டக் ஷ்வெக்மன் எழுதிய பாணன் ஆகியன வந்தன. இவர்கள் எழுதியனுப்பிய தொழில்களே 1978-ஆம் ஆண்டு வந்த 'அட்வான்ஸ்டு' பதிப்பின் ஆட்டக்காரர் கையேட்டில் அதிகாரபூர்வமான இடம் பெற்றன. டோல்கீனின் நாவலில் வரும் நாடற்ற அரசகுமாரனைப் போல ஆட வேண்டும் என்ற ஓர் ஆசையே ரேஞ்சரின் மூலம் என்பது அந்தத் தொழிலைப் படிப்பவர் எவருக்கும் விளங்கும். ஆகவே, அதிகாரபூர்வமானது உயர்ந்தது, சொந்தமாக இயற்றியது தாழ்ந்தது என்று சாதிபேதம் பாராட்டுகிறவர்கள், தாங்கள் உயர்ந்ததாகக் கருதும் பொருளின் பூர்வோத்தரத்தை அறியாதவர்கள் என்றே சொல்ல வேண்டும்.

ஆயினும் எதிர்க்கட்சியின் வாதத்தையும் அலட்சியம் செய்வதற்கில்லை. 1975-இல் லீ கோல்ட் என்னும் அம்மையார் தொடங்கிய 'அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்' என்னும் கூட்டு ஏட்டில், பற்பல ஊர்களிலுள்ள ஆட்டக்காரர்கள் தத்தம் விதிகளை எழுதி அனுப்பி விவாதித்தார்கள்; 1977-இல் டேவ் ஹார்கிரேவ் என்பவர் 'தி ஆர்டுயின் கிரிமோயர்' என்னும் நூலில் பூச்சிவடிவ மக்கள் உள்ளிட்ட எத்தனையோ புதுமைகளைக் கொட்டினார். கற்பனையின் இந்த வெள்ளத்தில் நன்மையும் இருந்தது. ஆனால் ஓர் ஊரில் வளர்த்த பாத்திரத்தோடு மற்றோர் ஊருக்குப் போய் ஆட முடியாத நிலையும் ஏற்பட்டது. பெரிய போட்டிகளில், ஒரே கதையை வெவ்வேறு மேசைகளில் ஆடவைத்து யார் திறமாகச் சென்றார்கள் என்று ஒப்பிடும்போது, விதி ஒன்றாக இராவிட்டால் தீர்ப்பு எங்ஙனம் சாத்தியம்? எதையும் ஆடலாம் என்று ஒருகால் எழுதிய கைகாக்ஸே, 1979-இல் வெளிவந்த நடத்துநர் கையேட்டில், அரக்கப் பிறவிகளைப் பாத்திரமாக ஏற்பதை ஊக்குவிக்கலாகாது என்று வற்புறுத்தினார். 1980-களின் தொடக்கத்தில் பத்திரிகையில் எழுதும்போது, விதிகளை மாற்றி ஆடுகிறவர்கள் ஆடுவது வேறோர் ஆட்டம் என்னும் அளவுக்குச் சென்றார். அவருடைய மனமாற்றத்தில் வியாபார நோக்கம் கலந்திருந்தது என்பார் உளர், இருக்கலாம். ஆனால் முன்பின் அறியாதவர்கள் ஒன்றுகூடி ஆடுவதற்குப் பொதுவிதி வேண்டும் என்ற அவருடைய நியாயம் இன்றைக்கும் செல்லுபடியாவதே. நண்பர்கள் மேசைக்கும் போட்டி மேசைக்கும் ஒரே நீதி பொருந்தாது என்பதைத்தான் அவர் சொல்லாமல் விட்டார்.

1989-இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பு இந்த விவகாரத்தைக் கணிதத்தால் தீர்க்க முயன்றது. அதன் நடத்துநர் கையேட்டில், புதிய தொழில் இயற்ற விரும்புகிறவர்களுக்கென்று ஓர் அட்டவணை உண்டு: எந்த ஆயுதம் பழகலாம், எந்தக் கவசம் அணியலாம், எந்த மந்திரம் வசப்படும் என்று ஒவ்வொரு சலுகைக்கும் ஒரு பெருக்கெண், எல்லாவற்றையும் கூட்டினால், அந்தத் தொழிலில் ஒரு படி ஏறுவதற்கு எவ்வளவு அனுபவப் புள்ளி தேவை என்ற விலை கிடைத்துவிடும். 1995-இல் 'ஸ்கில்ஸ் அண்ட் பவர்ஸ்' என்ற துணைநூல் இதை மேலும் நீட்டி, பாத்திரத்தைப் புள்ளி கொடுத்துத் துண்டு துண்டாக வாங்கும் முறையைக் கொண்டுவந்தது. 1981-இல் வந்த 'சாம்பியன்ஸ்', 1986-இல் வந்த 'கர்ப்ஸ்' ஆகிய ஆட்டங்கள் முழுக்க முழுக்க இந்த விலைப்பட்டியல் முறையிலேயே அமைந்தவை. அங்கே அது நன்றாகவே ஒட்டுகிறது, ஏனெனில் அவற்றின் சகல பாகங்களும் விலைக்கு ஏற்பவே வார்க்கப்பட்டவை. தொழில்களின்மேல் கட்டப்பட்ட ஆட்டத்திலோ விலைப்பட்டியல் சரிவரப் பயன்படவில்லை. இருட்டில் பார்க்கும் கண் என்னும் வரம், நிலவறையிலேயே கதை நடக்கும் மேசையில் பொன். நடுக்கடலில் பட்டப்பகலில் கப்பலோட்டும் மேசையில் அதனால் ஒரு காசுக்குப் பிரயோஜனமில்லை. இன்றும் இனங்களுக்கு மதிப்பெண் போடும் பட்டியல்களைப் பலர் தயாரிக்கிறார்கள். பெரும் பிழைகளைத் தவிர்க்க அவை உதவும், அதற்குமேல் அவற்றை நம்புவதற்கில்லை.

1997-இல் ஆட்டத்தின் உரிமை விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்தின் கைக்கு மாறிற்று. 2000-இல் மூன்றாம் பதிப்போடு வெளியிடப்பட்ட திறந்த உரிமம், ஆட்டத்தின் அடிப்படை விதிகளை எவரும் எடுத்துத் தம் நூலில் பயன்படுத்தி விற்கலாம் என்று அனுமதித்தது. வீட்டு மேசையில் இருந்தவை புத்தகக் கடைக்கு வந்தன. அந்தப் பதிப்பில் 'பிரஸ்டீஜ் கிளாஸ்' என்று ஒன்று உண்டு. சில தகுதிகளை அடைந்த பாத்திரம் நடுவழியில் புகக்கூடிய விசேஷத் தொழில் அது. ஒவ்வொரு நடத்துநரும் தம் உலகத்துக்கு ஏற்றவாறு தாமே அமைத்துக்கொள்ளும் மாதிரியாகவே அது நடத்துநர் கையேட்டில் வைக்கப்பட்டிருந்தது. ஆனால் சில ஆண்டுகளுக்குள் அச்சிட்ட விசேஷத் தொழில்கள் எண்ணில் அடங்காமல் பெருகி, ஆட்டக்காரர் அவற்றை ஒன்றோடொன்று கோத்துப் பலம் தேடுவதே ஒரு கலையாகிவிட்டது. நடத்துநருடைய கற்பனைக்கென்று வைத்த ஒரு நற்கருவி அவர் கையைவிட்டு நழுவியதை ஒரு நஷ்டமாகவே நான் கருதுகிறேன். அதே காலத்தில் 2002-இல் அந்நிறுவனம் புதிய கற்பனையுலகம் ஒன்றைத் தேடி நடத்திய போட்டிக்குச் சுமார் 11,000 பேர் எழுதியனுப்பினார்கள். கீத் பேக்கர் என்பவருடைய 'எபரான்' தேர்ந்தெடுக்கப்பட்டது. உலோகமும் மரமுமாகச் செய்யப்பட்டு உயிர்பெற்ற 'வார்ஃபோர்ஜ்டு' இனமும், பொருள்களில் மந்திரம் ஏற்றும் 'ஆர்ட்டிஃபைசர்' தொழிலும் அந்த உலகத்தின்வழி வந்தவையே.

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் அமைப்புதான் இன்றைய சொந்தச் சரக்கின் வடிவத்தை நிர்ணயித்தது. ஒவ்வொரு தொழிலுக்கும் ஓர் உடற்பகுதி. அதன்மேல் பாத்திரம் தேர்ந்துகொள்ளும் ஓர் உட்பிரிவு. போர்வீரனுடைய உட்பிரிவு 3, 7, 10, 15, 18 ஆகிய படிகளில் மட்டுமே தலைகாட்டும். மற்றப் படிகளில் பொதுத்தொழில் தன் கடமையைச் செய்துகொண்டிருக்கும். புதிதாக எழுதப் புகுகிறவருக்கு இது மகத்தான உதவி. ஐந்து இடங்களில் மட்டும் எழுதினால் போதும். இயந்திரத்தின் மற்றப் பாகங்கள் ஏற்கெனவே சோதிக்கப்பட்டவை. முழுத் தொழில் ஒன்றை எழுதுவது எத்தனை கடினம் என்பதை அந்நிறுவனத்தின் அனுபவமே காட்டுகிறது. மனோசக்தியால் செயற்படும் 'மிஸ்டிக்' என்னும் தொழிலை 2015 முதல் 2017 வரை சோதனைப் பிரதிகளாக அவர்கள் வெளியிட்டுப் பார்த்தார்கள். அது எல்லாருடைய வேலையையும் தானே செய்யும் தொழிலாக வளர்ந்து, கடைசியில் கைவிடப்பட்டது. 2020-இல் வந்த 'டாஷாவின் கொப்பரை' நூலில் அதே மனோசக்தி, போர்வீரனுக்கும் கள்வனுக்கும் மந்திரசக்தி பிறவியிலேயே வாய்த்தவனுக்கும் உரிய மூன்று உட்பிரிவுகளாகப் பங்கிடப்பட்டு வந்தபோது, மேசைகளில் இயல்பாகப் பொருந்தியது. ஊதியம் பெறும் நிபுணர்களே இப்படிச் சுருக்கிக்கொண்டார்கள் என்றால், நண்பர்களுக்காக எழுதுகிறவர் முதலில் முழுத் தொழிலில் கை வைப்பது வீண் பிரயாசை.

இனி, ஒரு சிறு உருப்படியை எடுத்துப் பிரித்துப் பார்ப்போம். போர்வீரனுக்கு ஒருவர் 'விளக்கேந்தி' என்று ஓர் உட்பிரிவு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். நிலவறையில் மற்றவர்கள் வாள் வீச, இவன் விளக்கைப் பிடித்து வழிகாட்டுகிறவன்; அழகான கற்பனை. மூன்றாம் படியில் அவனுக்கு ஒரு வரம்: அவன் கையிலுள்ள விளக்கு எரியும் வரையில், பத்தடிக்குள் நிற்கும் தோழர் யாவரும் அனுகூலத்தோடு தாக்கலாம். அனுகூலம் என்பது இருபது முகப் பகடையை இருமுறை உருட்டி உயர்ந்த எண்ணைக் கொள்வது. படிக்கையில் சாதுவாகத் தெரிகிறது. கணக்குப் பார்த்தால், 100-க்கு 55 முறை பலிக்கும் அடி ஏறக்குறைய 80 முறை பலிக்கிறது. பகடையில் இருபது விழுந்து இரட்டிப்பு அடி கிடைக்கும் வாய்ப்பு 5-லிருந்து ஏறக்குறைய 10 ஆகிறது. இது ஒருவருக்கன்று, கூட்டம் முழுமைக்கும், ஒவ்வொரு அடிக்கும். இந்த விபரீதத்தையும் நான் பெரிதாக எண்ணவில்லை. நடத்துநர் அரக்கர்களைக் கூட்டிக்கொள்ளலாம். கவனிக்க வேண்டிய சேதம் வேறு இடத்தில் இருக்கிறது. அதே மேசையில் பார்பேரியன் என்னும் மூர்க்கப் போராளி ஒருவன் இருந்தால், தன் காப்பைக் கைவிட்டுத் தலைதெறிக்கப் பாய்வதன் பலனாக அவன் பெறும் அனுகூலம் இனி இலவசம். அவனுடைய துணிவுக்கு விலையில்லாமற் போயிற்று. ஒரு பாணன் தன் முதல்நிலை மந்திரத்தைச் செலவழித்து, மன ஒருமைப்பாட்டைக் காத்து, எதிரிகள்மேல் ஒளிபடரச் செய்து தோழர்களுக்கு வாங்கித்தரும் அனுகூலமும் அப்படியே. கள்வன் மறைந்து ஒளிந்து தேடிக்கொண்ட தருணமும் அவசியமற்றதாயிற்று. விளக்கு ஒன்று மூன்று பேருடைய வேலையை அணைத்துவிட்டது.

இதைத் திருத்துவது கடினமன்று. பத்தடிக்குள் நிற்கும் ஒரு தோழர் குறி தவறிய கணத்தில், விளக்கேந்தி, சண்டையின் ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றே கிடைக்கும் தன் எதிர்ச்செயலைச் செலவழித்து விளக்கை உயர்த்தினால், அந்த ஒரு பகடையை மறுமுறை உருட்டலாம். நீண்ட ஓய்வுக்கு இடையே இதைச் செய்யும் தடவைகள் அவனுடைய பயிற்சிக் கூட்டலுக்குச் சமம், அதாவது தொடக்கத்தில் 2, கடைசியில் 6. இப்போது எதிர்ச்செயல் என்னும் ஒன்றேயான நாணயத்தை அவன் இதில் செலவிட்டால், ஓடும் எதிரியை வெட்ட முடியாது, தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. அதைவிட முக்கியம், தவறிய தோழர் அவனைத் திரும்பிப் பார்க்கிறார். பழைய வரத்தில் விளக்கேந்தியை எல்லாரும் மறந்துவிடலாம், அவன் ஒரு தூணாக நின்றால் போதும். புதிய வரத்தில் மேசை அவனிடம் உதவி கேட்கிறது. பலம் குறைந்து சுவை கூடியிருக்கிறது.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஏற்கெனவே உள்ள உருப்படிகளை எடுத்துக்கொள்ளும்போதும் ஓர் எச்சரிக்கை தேவை. 2014-ஆம் ஆண்டு நடத்துநர் கையேடு, மூன்றாம் நிலை மந்திரம் பலரை ஒருங்கே தாக்குவதாயின் ஆறு முகப் பகடை ஆறு உருட்டும் அளவு சேதம் தரலாம் என்கிறது, சராசரி 21. ஆனால் அந்நிலையின் புகழ்பெற்ற தீக்கோள மந்திரம் எட்டுப் பகடை உருட்டுகிறது, சராசரி 28. மரபின் பெருமைக்காக வேண்டுமென்றே அதற்குக் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள். புதிய மந்திரம் எழுதுகிறவர் தீக்கோளத்தை உரைகல்லாகக் கொண்டால், அவர் எழுதுவது எல்லாம் மிகையாகவே முடியும். பறக்கும் இனங்களின் விஷயமும் இத்தகையதே. பறவைவடிவ 'ஆராகோக்ரா' இனம், 2015-இல் வந்த விதிகளின்படி, முதற்படியிலேயே ஒரு சுற்றுக்கு 50 அடி பறந்தது. மந்திரவாதியோ ஐந்தாம் படியில்தான் பறக்கும் மந்திரத்தைப் பெற்று, ஒருமைப்பாட்டோடு பத்து நிமிஷம் மட்டும் பறப்பான். அதிகாரபூர்வமான நூலில் இருப்பதனால் மட்டும் ஒன்று எல்லா மேசைக்கும் உகந்ததாகிவிடாது.

தண்டனையாக எழுதப்படும் அம்சங்களிலும் மறைந்த பிழைகள் உண்டு. மேத்யூ மெர்சர் என்பவர் தம் கூட்டத்தின் ஆட்டத்துக்காக இயற்றிய துப்பாக்கி வீரன் என்னும் உட்பிரிவு நெடுந்தூரம் பரவியது. பகடை மிகத் தாழ்ந்து விழுந்தால் துப்பாக்கி சிக்கிக்கொள்ளும், ஒரு செயலைச் செலவழித்துப் பழுது நீக்க வேண்டும் என்பது அதன் அலாதியான விதி. ஆபத்தான ஆயுதம் என்ற உணர்ச்சியை அது அருமையாக ஊட்டுகிறது. ஆனால் போர்வீரன் உயர உயர ஒரு சுற்றில் அதிக தடவை சுடுகிறான்: ஒருமுறை சுடுகிறவனுக்குப் பகடையில் ஒன்று விழும் வாய்ப்பு 100-க்கு 5, நான்கு முறை சுடுகிறவனுக்கு ஏறத்தாழ 18.5. கைதேர்ந்தவனுடைய துப்பாக்கி, கற்றுக்குட்டியினுடையதைவிட அடிக்கடி சிக்கிக்கொள்வது அந்தத் தொழிலின் கற்பனைக்கே முரண். ஒரு சுற்றுக்கு ஒருமுறை மட்டுமே சிக்கலைப் பரிசோதிப்பது என்று விதித்தால் இக்குறை நீங்கும். அதே ஆசிரியர் 2015-இல் ஒரு திரைப்படத்தையொட்டி நடிகர் வின் டீசல் ஆடுவதற்காக எழுதிய சூனிய வேட்டைக்காரனே பின்னர் 'பிளட் ஹன்டர்' தொழிலாக விரிந்தது. காயங்களைத் தாங்கும் அளவாகிய தன் உயிர்ப்புள்ளியைத் தானே வெட்டிக் கொடுத்து ஆற்றல் பெறும் அந்தத் தொழிலில், விலை ஆட்டக்காரருடைய கண்ணெதிரே ஒவ்வொரு முறையும் செலுத்தப்படுகிறது. கசப்பும் பெருமிதமும் கலந்த அந்த அனுபவத்தை நான் மிகவும் மதிக்கிறேன். 2020-இல் அவருடைய 'வைல்ட்மவுண்ட்' நூல் அதிகாரபூர்வமாகவே வெளிவந்து, மூன்று புதிய உட்பிரிவுகளைத் தந்தது. ரேஞ்சரும் பாணனும் சென்ற பழைய பாதை இன்னும் அடைபடவில்லை.

இவ்வளவு கணக்கையும் பார்த்தபின் நான் முன்பு சொன்ன அபிப்பிராயத்துக்கு வருகிறேன். கூட்டமாக ஆடும் ஆட்டத்தில், அரக்கர்களுக்கும் பாத்திரங்களுக்கும் இடையிலுள்ள பலாபலத்தை நடத்துநர் எந்நேரமும் சரிக்கட்டிக்கொள்ளலாம். தோழனுக்கும் தோழனுக்கும் இடையில் ஏற்படும் ஏற்றத்தாழ்வை அவர் எளிதில் சரிக்கட்ட முடியாது. ஆகையால் சொந்தச் சரக்கைப் பற்றிக் கேட்க வேண்டிய முதற்கேள்வி, 'இது யாருடைய பங்கை எடுத்துக்கொள்கிறது?' என்பதே. பூட்டுத் திறப்பதற்கென்று ஒருவர் கள்வனை ஏற்றிருக்கும் மேசையில், எல்லாப் பூட்டையும் தொட்டதும் திறக்கும் வரம் எவ்வளவு சிறியதானாலும் வேண்டாம். அந்த மேசையில் கள்வன் இல்லையேல், அதே வரம் வரவேற்கத் தக்கது. ஓர் உருப்படி நல்லதா கெட்டதா என்பதை அதன் காகிதத்தை மட்டும் படித்துத் தீர்மானிக்க முடியாது என்று நான் சொல்வது இதனால்தான். மேசையிலிருக்கும் மற்ற நாலு காகிதங்களையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

பங்கு என்பதில் காலமும் அடங்கும். 2014-ஆம் ஆண்டு விதிகளில் விலங்குகளை வரவழைக்கும் மந்திரம் ஒன்று, எட்டு ஓநாய்களைக்கூட ஒருசேரக் கொண்டுவந்து நிறுத்தியது. எட்டுக்கும் நகர்வு, எட்டுக்கும் பகடை, எட்டுக்கும் உயிர்ப்புள்ளி. மற்ற ஆட்டக்காரர் தம் முறைக்காகக் காத்துக் கிடந்தார்கள். 2024-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அது, தனித்தனியே ஆட வேண்டாத ஒரே ஆவிக் கூட்டமாக மாற்றப்பட்டது நல்ல காரியம். துணைவிலங்கு, நிழலுருவம், உயிர்பெற்ற ஆயுதம் என்று புதுமை எழுதுகிறவர்கள், தங்கள் முறைக்கு எவ்வளவு நேரமாகிறது என்பதைக் கடிகாரம் வைத்துப் பார்த்துக்கொள்வது உத்தமம்.

புதிய இனம் இயற்றுவதில் கணக்கைக் கடந்த ஒரு பொறுப்பும் உண்டு. இந்த ஆட்டம் தொடக்கம் முதலே உலகத்துப் புராணங்களிலிருந்து தாராளமாக எடுத்துக்கொண்டது. நம் இதிகாசங்களில் வரும் ராட்சசர் 1977-ஆம் ஆண்டு அரக்கர் கையேட்டில் ஆசீர்வதித்த அம்பினால் கொல்லப்படும் பிராணியாக இடம்பெற்றிருக்கின்றனர். 1980-ஆம் ஆண்டுத் தெய்வங்கள் நூலிலோ இந்திரனுக்கும் காளிக்கும் உயிர்ப்புள்ளி வகுத்திருந்தார்கள். விபீஷணனை அறிந்த நமக்கு, ஓர் இனம் முழுவதும் பிறவியிலேயே தீயது என்னும் வரையறை எவ்வளவு வறியது என்பது எளிதில் விளங்கும். குறிப்பிட்ட இனத்தாருக்குப் புத்தி குறைவு, குறிப்பிட்ட இனத்தாருக்கு வசீகரம் மிகுதி என்று எண்ணால் முத்திரை குத்துவதைப் பல மேசைகள் தாமே முன்னதாகக் கைவிட்டிருந்தன; 2020-இல் வந்த 'டாஷாவின் கொப்பரை' நூல் அதற்கு இசைவளித்தது; 2024-ஆம் ஆண்டுக் கையேட்டில் குணங்களின் கூட்டல், பிறப்பிலிருந்து எடுக்கப்பட்டு, பாத்திரம் முன்பு பார்த்த வேலை, வளர்ந்த சூழல் ஆகியவற்றைக் குறிக்கும் பின்னணிக்கு மாற்றப்பட்டது. இந்த மாற்றத்தை நான் மனப்பூர்வமாக வரவேற்கிறேன். இயற்றுகிறவருக்கும் இதில் இலாபமே: இனத்தை எழுதும்போது எண்ணைப் பற்றிய கவலையின்றி, அந்த மக்கள் எதை உண்கிறார்கள், எதற்கு அஞ்சுகிறார்கள், இறந்தவர்களை என்ன செய்கிறார்கள் என்று எழுத நேரம் கிடைக்கிறது.

உரிமை பற்றிய வழக்கைச் சுருக்கமாகவே சொல்லுகிறேன். 2016 முதல் 'டிஎம்ஸ் கில்ட்' என்னும் அங்காடியில் எவரும் தம் ஆக்கத்தை விற்று விலையில் பாதியைப் பெறலாம். ஆனால் அங்கே விற்றதை வேறிடத்தில் வெளியிடலாகாது. 2023 ஜனவரியில், பழைய திறந்த உரிமத்தை நீக்கி, 7,50,000 டாலருக்கு மேற்பட்ட வருவாயில் பங்கு கேட்கும் புதிய உரிமத்தின் வரைவு வெளியே கசிந்தபோது, உலகெங்கும் ஆட்டக்காரர் கொதித்தெழுந்தனர். நிறுவனம் நடத்திய கருத்துக்கேட்பில் 15,000-க்கும் மேற்பட்டோர் பதிலளித்தார்கள். அம்மாதம் 27-ஆம் நாள் வரைவு கைவிடப்பட்டு, அடிப்படை விதிகள் அனைத்தும் திரும்பப்பெற முடியாத கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வைக்கப்பட்டன. நண்பர்களுக்காக எழுதுகிறவரை இந்த வழக்கு எந்நாளும் தீண்டியதில்லை. விற்பனைக்கு எழுதுகிறவருக்கு இப்போது உறுதியான நிலம் கிடைத்திருக்கிறது.

எஞ்சியிருப்பது நடைமுறை. ஆட்டம் தொடங்குமுன் எல்லாரும் கூடிப் பேசும் கூட்டத்தை 'செஷன் ஸீரோ' என்பர். சொந்தச் சரக்கைக் கொண்டுவருகிறவர் அதை அங்கே நடத்துநரிடம் மட்டும் காட்டாமல் எல்லாரிடமும் காட்ட வேண்டும், மூன்று நான்கு அமர்வுகளுக்குப் பின் திருத்தலாம் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ளவும் வேண்டும். பெயரையும் வருணனையையும் மாற்றினாலே தீரும் ஆசைக்குப் புதிய விதி எழுதத் தேவையில்லை; தீக்கோளத்தைக் குளவிக் கூட்டமாக வருணிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். எழுதியே ஆக வேண்டுமென்றாலும், இருபதாம் படி வரை ஒரே மூச்சில் எழுதி முடிப்பது வேண்டாத காரியம். பெரும்பாலான ஆட்டங்கள் பத்தாம் படியை எட்டுமுன்பே முடிந்துவிடுகின்றன, எட்டாத படிகளுக்கு எழுதிய வரங்களோ சோதனையின்றியே காகிதத்தில் கிடக்கின்றன. விளக்கேந்திக்கு மூன்றாம் படியின் வரத்தை மட்டும் இன்று எழுதி ஆடத் தொடங்கலாம். ஏழாம் படிக்குரியதை ஏழாம் படி நெருங்கும்போது எழுதினால் போதும். அவனை எதற்காகத் தோழர்கள் அழைக்கிறார்கள், எந்த வேளையில் அவனுக்கு வேலையின்றிப் போகிறது என்பதெல்லாம் அதற்குள் மேசையிலிருக்கும் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கும், எழுதுவதிலும் அவர்கள் பங்கு கொள்வார்கள்.